வாய்க்கு எதுவும் ருசிக்கவில்லையா? சுவையுணர்வுக் கோளாறுகளும் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாக்கு சுவையை எப்படி அறிந்துகொள்கிறது?

நாக்கின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியும் சிறு முகிழ்களில் சிலவற்றுக்குள்ளும், மேல்வாயின் மென்மையான பகுதியிலும், தொண்டையிலும் சுவை அரும்புகள் இருக்கின்றன. மனிதருக்கு மனிதர் இவற்றின் எண்ணிக்கை பெரிதும் வேறுபடும். ஏறத்தாழ 2,000 முதல் 10,000 வரை இருக்கலாம். ஒவ்வோர் அரும்பிலும் 50 முதல் 100 வரையிலான உயிரணுக்கள் உண்டு. உணவிலுள்ள பொருள்கள் உமிழ்நீரில் கரைந்து இந்த உயிரணுக்களைத் தொட்டவுடன் எழும் தூண்டல் மூன்று நரம்புகள் வழியாக மூளைக்குச் செல்கிறது: நாக்கின் முன்பகுதியிலிருந்து முகநரம்பின் கிளையும், பின்பகுதியிலிருந்து நாத்தொண்டை நரம்பும், தொண்டைப் பகுதியிலிருந்து வேகஸ் நரம்பும் அதைச் சுமந்து செல்கின்றன.

அறிவியல் ஏற்றுக்கொண்டுள்ள அடிப்படைச் சுவைகள் ஐந்து: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி. கடைசியாகச் சொன்னதை ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908-இல் இனங்கண்டார். தக்காளி, காளான், இறைச்சிச் சாறு ஆகியவற்றின் ஆழ்ந்த ருசிக்குக் காரணம் அதுவே. நம் அறுசுவையில் இடம்பெறும் கார்ப்பு, உடலியல் நோக்கில், சுவை அரும்புகள் வழியாக அல்லாமல் வலியையும் வெப்பத்தையும் உணரும் முப்பெரு நரம்பு வழியாகவே மூளைக்குச் செல்கிறது. துவர்ப்பிலும் வாயின் தொடு உணர்வுக்குப் பெரும் பங்குண்டு. இனிப்பும் உப்பும் தெரியாமல் போனவருக்கும் மிளகாயின் எரிச்சல் தெரிவது இதனால்தான். காரம் தெரிகிறது என்பதை வைத்துச் சுவை நரம்புகள் நன்றாக இருக்கின்றன என்று முடிவு செய்துவிடக் கூடாது.

சளி பிடித்தால் ‘நாக்கு செத்துப்போச்சு’ என்கிறோமே, உண்மையில் பழுதுபட்டது நாக்குதானா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பக்கத்திலுள்ள எல்லாக் கேள்விகளிலும் முதன்மையானதாக நான் கருதுவது இதைத்தான். ஏனென்றால், சுவை போய்விட்டது என்று மருத்துவரிடம் வருபவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு உண்மையில் குறைந்திருப்பது முகர்ச்சி உணர்வு. உணவை மெல்லும்போது அதன் மணம் தொண்டையின் பின்புறம் வழியாக மேலேறி மூக்கின் உச்சியிலுள்ள முகர்ச்சிப் பகுதியை அடைகிறது. நாக்கு தரும் இனிப்பு, புளிப்பு முதலியவற்றோடு இந்த மணத்தையும் மூளை ஒன்றாகச் சேர்த்து, வத்தக்குழம்பு என்றும் மாம்பழம் என்றும் நமக்கு அறிவிக்கிறது. மணம் வரும் வழி அடைபட்டால் ரசத்தில் எஞ்சுவது புளிப்பும் உப்பும் சூடும் மட்டுமே. சீரகமும் பூண்டும் கொத்தமல்லியும் இருந்த இடம் தெரியாமல் போகும்.

இதை வீட்டிலேயே ஓரளவுக்குச் சோதித்துப் பார்க்கலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு, சிறிது சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்க்காத காப்பித் தூள் கரைத்த நீர் ஆகியவற்றைத் தனித்தனியே, இடையிடையே நீரால் கொப்பளித்து, நாக்கில் வைத்துப் பாருங்கள். நான்கும் தெளிவாகத் தெரிந்து, உணவு மட்டும் ருசிக்கவில்லை என்றால் மூக்கைத்தான் முதலில் ஐயுற வேண்டும். நான்கில் ஒன்றோ பலவோ தெரியவில்லை என்றாலோ, வேறொரு சுவையாகத் தெரிந்தாலோ நாக்கு, நரம்பு, மருந்து ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். இது மருத்துவச் சோதனைக்கு மாற்று ஆகாது. ஆனால் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தும்.

சுவையுணர்வுக் கோளாறுகளில் எத்தனை வகைகள் உள்ளன?

மருத்துவர்கள் இவற்றை அளவு சார்ந்தவை, தன்மை சார்ந்தவை என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

அளவு சார்ந்தவற்றில் மிகுதியாகக் காணப்படுவது சுவைக்குறைவு, அதாவது ஹைப்போகியூசியா. இதில் சுவை தெரியும். ஆனால் மங்கலாகத் தெரியும். எல்லாச் சுவைகளும் குறையலாம். உப்பு மட்டும் அல்லது இனிப்பு மட்டும் குறைவதும் உண்டு. ஒரு சுவையும் அறவே தெரியாத முழுச் சுவையிழப்பு, அதாவது ஏகியூசியா, மிக அரிது. சுவைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நரம்புகள் இருப்பதால் எல்லாம் ஒருங்கே செயலிழப்பது எளிதில் நிகழ்வதில்லை. சுவைகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகத் தெரியும் நிலையும் உண்டு, அதுவும் அரிதே.

தன்மை சார்ந்தவையே நோயாளிகளை அதிகம் வாட்டுகின்றன. சுவைத்திரிபு, அதாவது டிஸ்கியூசியா, உள்ளவருக்கு இனிப்பு கசக்கும், தண்ணீர் உலோகம் போலிருக்கும், பிடித்த உணவு அழுகியது போலத் தோன்றும். வாயில் எதுவுமே இல்லாதபோதும் உலோகச் சுவையோ கசப்போ உப்புக் கரிப்போ தொடர்ந்து இருந்துகொண்டிருப்பது மாயச்சுவை எனப்படும். ஒன்றும் தெரியாமல் சாப்பிடுவதைக் காட்டிலும், வாயில் வைப்பதெல்லாம் அருவருப்பாகத் தோன்றுவதைத் தாங்குவது கடினம். இப்படிப்பட்டவர்கள் உணவையே வெறுத்து, எடை குறைந்து, மனச்சோர்வுக்கு உள்ளாவதும் உண்டு. வீட்டார் இதை வீம்பு என்றோ செல்லம் என்றோ நினைத்துவிடாதிருப்பது சிகிச்சையின் முதல் படி.

இனிப்பு நாக்கின் நுனியிலும் கசப்பு அடியிலும் தெரியும் என்று பள்ளியில் படித்தோமே?

அந்த நாக்கு வரைபடம் தவறானது. 1901-இல் ஜெர்மனியில் டேவிட் ஹேனிக் என்பவர் நாக்கின் வெவ்வேறு இடங்களில் உணர்திறன் சற்றே வேறுபடுவதை அளந்து எழுதினார். 1942-இல் ஹார்வர்டு உளவியலாளர் எட்வின் போரிங் தம் நூலில் அதை வரைபடமாக்கியபோது, சிறிய வேறுபாடுகள் பெரிய எல்லைக்கோடுகளாகத் தோற்றம் கொண்டுவிட்டன. உண்மையில் சுவை அரும்புகள் உள்ள எல்லா இடங்களிலும் எல்லாச் சுவைகளும் தெரியும். இது மருத்துவத்திலும் பொருட்படுத்த வேண்டிய செய்தி: நாக்கின் ஒரு பகுதியின் நரம்பு முழுதும் பழுதுபட்டாலும், மற்றப் பகுதிகள் ஈடுசெய்துவிடுவதால், பலர் அதை உணராமலேயே இருக்கிறார்கள்.

நான் சாப்பிடும் மாத்திரைகள் காரணமாக இருக்குமா?

இருக்கக்கூடும். நெடுநாள் சுவைக் கோளாறுக்கான காரணங்களுள் மிக அடிக்கடி கவனிக்கப்படாமல் விடப்படுவது இதுவே. நூற்றுக்கணக்கான மருந்துகள் சுவையை மாற்றக்கூடியவை. வயிற்றுப்போக்குக்கும் பல் தொற்றுக்கும் கொடுக்கப்படும் மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையைத் தரும். கிளாரித்ரோமைசின் கசப்பைத் தரும். இவையிரண்டும் மருந்து முடிந்ததும் பொதுவாக நீங்கிவிடும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில், மனநல மருத்துவத்தில் பயன்படும் லித்தியம், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அளிக்கப்படும் எத்தியோனமைட் ஆகியவற்றுக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு. அசிட்டசோலமைட் உட்கொள்பவருக்குச் சோடா, கோலா போன்ற வாயு நிறைந்த பானங்கள் கெட்டுப்போனவை போலத் தோன்றும்.

தனியாகச் சொல்ல வேண்டியது டெர்பினஃபின். படர்தாமரைக்கும் நகப்பூஞ்சைக்கும் வாய்வழியாகக் கொடுக்கப்படும் இந்த மருந்து, சிலருக்குச் சுவையை அறவே மங்கச் செய்கிறது. நிறுத்திய பிறகும் மீள்வதற்குப் பல வாரங்களோ மாதங்களோ ஆகலாம், அரிதாக நிலைத்தும் விடலாம். இதை உட்கொள்ளும்போது சுவை மாறினால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். அதுபோலவே, குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க் கொப்பளிப்பு நீரை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு உப்புச் சுவை மங்குவது வழக்கம். நிறுத்தினால் சரியாகிவிடும்.

ஒவ்வாமை, மனச்சோர்வு, சிறுநீர்ப்பைக் கோளாறு ஆகியவற்றுக்கான பல மருந்துகள் சுவையை நேரடியாகத் தொடாமல், உமிழ்நீரைக் குறைப்பதன் மூலம் மங்கச் செய்கின்றன. உமிழ்நீரில் கரையாத எதுவும் சுவை அரும்பை எட்டுவதில்லை.

சிகிச்சை எளிதாகத் தோன்றும்: மருந்தை மாற்றுவது. ஆனால் அதை நோயாளி தாமாகச் செய்யக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரையையோ லித்தியத்தையோ வாய் கசக்கிறது என்று நிறுத்துவது உயிருக்கே கேடாக முடியலாம். ஒரே நோக்கத்துக்கு வேறு மருந்துகள் பெரும்பாலும் உண்டு என்பதால், கேட்டால் மாற்றிக் கொடுக்கக்கூடிய மருத்துவரிடம் கேட்பதே வழி.

துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் சுவை திரும்பிவிடும் என்கிறார்களே?

குறைபாடு இருந்தால் திரும்பலாம். குறைபாடு இல்லாதவருக்கு அதே உறுதியைத் தர முடியாது. சுவை அரும்புகளின் உயிரணுக்கள் ஏறத்தாழ பத்து நாள்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுபவை. இந்தப் புதுப்பித்தலுக்குத் துத்தநாகம் தேவை. ஆகவே அது குறைந்தால் சுவை மங்குவது இயல்பு. காரணம் தெரியாத சுவைத்திரிபு உள்ள 50 பேரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் துத்தநாகம் உட்கொண்டவர்களுள் பாதிப் பேருக்கும், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுள் கால்பங்கினருக்கும் முன்னேற்றம் காணப்பட்டது. ஒன்றும் இல்லாத மாத்திரையிலேயே நால்வரில் ஒருவர் தேறினார் என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடம் செய்து 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ துத்தநாகத்தால் பயன் தெரியவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் துத்தநாகம் தேவை. இறைச்சி, முட்டை, நண்டு, சிப்பி ஆகியவற்றில் இருப்பது எளிதில் உடலில் சேரும். எள், பூசணி விதை, பருப்பு, பயறு, முழுதானியம் ஆகியவற்றிலும் உண்டு. ஆனால் அவற்றிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தலும் முளைகட்டுதலும் மாவைப் புளிக்கவைத்தலும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. முளைகட்டிய பயறும் இட்லியும் இந்த வகையில் நல்ல உணவுகள்.

மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் அதிக அளவில் விழுங்குவது தீங்கு. மிகுதியான துத்தநாகம் தாமிரம் உடலில் சேர்வதைத் தடுத்து, இரத்தசோகையையும் நரம்புப் பாதிப்பையும் உண்டாக்கும். மூக்கில் விடும் துத்தநாக மருந்துகள் முகர்ச்சியை நிலையாகவே அழித்துவிடக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது.

வேறு சத்துக் குறைபாடுகள்?

வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து ஆகியவை குறைந்தால் நாக்கின் முகிழ்கள் தேய்ந்து, நாக்கு வழவழப்பாகச் சிவந்து எரியும், சுவையும் குறையும். முழுச் சைவ உணவினர், மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோர், அமிலக் குறைப்பு மாத்திரைகளை நெடுநாள் எடுப்போர் ஆகியோருக்குப் பி12 குறைய வாய்ப்பு அதிகம். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியோ மாத்திரையோ போட்டால் தேறக்கூடியது. இதைக் கண்டுபிடிக்காமல் விடுவது உண்மையிலேயே வருந்தத்தக்கது.

வாயிலேயே இருக்கும் காரணங்கள் எவை?

ஈறு நோய், சீழ்ப்பிடித்த பல், சுத்தம் செய்யாத பல்செட், நாக்கில் படியும் வெண்படலம் ஆகியவை கெட்ட சுவையைத் தருகின்றன. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்தி வாயைக் கொப்பளிக்காமல் விடுவோர், நீரிழிவு கட்டுப்படாதோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்கு வாயில் பூஞ்சைத் தொற்று ஏற்படும். அதற்கு க்ளோட்ரிமசோல், நிஸ்டாட்டின் போன்றவற்றை வாயில் தடவினாலோ கொப்பளித்தாலோ நல்ல பலன் உண்டு. இரைப்பை அமிலம் மேலேறி வருவதும் காலையில் புளிப்பாகவோ கசப்பாகவோ வாயில் தெரியும்.

புகைபிடித்தல் சுவையையும் முகர்ச்சியையும் மங்கச் செய்கிறது. பாக்கு, குட்கா, பான் மசாலா பழக்கத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கு வாயின் உட்புறத்தை நாளடைவில் நார் போல இறுகச் செய்கிறது; காரம் படும்போது எரிச்சல், வாய் திறக்க இயலாமை, சுவைக்குறைவு என்று அது வளர்ந்து, புற்றுநோயாகவும் மாறக்கூடும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியது. பாக்குப் போடுபவருக்குக் காரமே தாங்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் வாயைக் காட்டிவிட வேண்டும்.

நீரிழிவு, சிறுநீரக நோய் போன்றவற்றால் சுவை மாறுமா?

மாறும். நீரிழிவு நரம்புகளைப் பாதிப்பதோடு வாயையும் உலரச் செய்கிறது. அதிலும் இனிப்பு மங்கினால், தெரியாமலேயே கூடுதல் சர்க்கரை சேர்த்துக்கொள்ளும் நிலை வரும். சிறுநீரகம் செயலிழக்கும்போது யூரியா உமிழ்நீரில் மிகுந்து, அமோனியா நெடியும் உலோகச் சுவையும் வாயில் நிலைக்கும். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு பலருக்கு இது ஓரளவு குறைகிறது. தைராய்டு சுரப்புக் குறைவு, கல்லீரல் நோய், பார்க்கின்சன் நோய், உமிழ்நீர்ச் சுரப்பிகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் ஷோகிரன் நோய் ஆகியவற்றிலும் சுவையோ முகர்ச்சியோ மாறுவதுண்டு. அடிப்படையாக உள்ள நோய்க்கான சிகிச்சையே இங்கு சுவைக்கான சிகிச்சை.

கொரோனாவுக்குப் பிறகு இன்னும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

2020-இல் உலகெங்கும் மக்கள் சுவையிழப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியது இந்த நோயால்தான். இது முதன்மையாக மூக்கின் முகர்ச்சிப் பகுதியில் நரம்புக்குத் துணைநிற்கும் உயிரணுக்களைத் தாக்குகிறது. மூக்கடைப்பு இல்லாமலேயே மணம் போனது இதனால்தான். சிலருக்கு நாக்கின் சுவையும் உண்மையாகவே குறைந்தது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறினர். சிலருக்கோ மாதங்கள் கழித்து மணத்திரிபு தலைகாட்டியது: காப்பி, வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி ஆகியவை தாங்க முடியாத நாற்றமாகத் தோன்றும். இது பெரும்பாலும் நரம்பு மீண்டும் வளர்வதன் அறிகுறி. நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட வழி முகர்ச்சிப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறையில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்னும் நான்கு மணங்களைக் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் பத்து விநாடி, பன்னிரண்டு வாரம் முகர்ந்தனர். நம் வீடுகளில் பன்னீர் ரோஜாவும் நீலகிரித் தைலமும் எலுமிச்சைத் தோலும் கிராம்பும் கொண்டே இதைச் செய்யலாம். முகரும்போது அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று மனத்தில் கொண்டுவர முயல வேண்டும். மூன்று மாதத்தில் விட்டுவிடாமல் மேலும் தொடர்வோருக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது. செலவில்லாதது, தீங்கில்லாதது, பொறுமை மட்டும் வேண்டும்.

புற்றுநோய்ச் சிகிச்சையின்போது எதையும் சாப்பிட முடியவில்லை. இது நிலைத்துவிடுமா?

பெரும்பாலோருக்கு நிலைப்பதில்லை. கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. பத்து நாள்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் சுவை அரும்புகளும் அதனால் தாக்கப்படுகின்றன. மருந்து முடிந்து சில வாரங்கள் முதல் சில மாதங்களில் சுவை திரும்பத் தொடங்கும். தலை, கழுத்துப் பகுதிக்கான கதிர்வீச்சுச் சிகிச்சையில் இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே சுவை மங்கும். மீள்வதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கதிர்வீச்சில் சிக்கியிருந்தால் குறை ஓரளவு நீடிக்கும்.

அதுவரை எடை குறையாமல் காப்பதே குறிக்கோள். வாய் உலோகம் போலிருந்தால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாக மரக்கரண்டியோ கையோ போதும். சாப்பிடுவதற்கு முன் ஒரு குவளை வெந்நீரில் சிறிதளவு சமையல் சோடாவும் உப்பும் கரைத்துக் கொப்பளித்தால் வாய் தெளியும். சூடான உணவின் மணம் குமட்டினால் ஆறவைத்தோ குளிரவைத்தோ சாப்பிடலாம்: தயிர்சாதம், மோர், ராகிக் கூழ், இளநீர்ப் பாயசம் போன்றவை பலருக்கு ஏற்கின்றன. இறைச்சி கசந்தால் முட்டை, பருப்பு, பனீர், சுண்டல் ஆகியவற்றால் புரதத்தை ஈடுகட்ட வேண்டும். வாய்ப்புண் இல்லாதவருக்கு எலுமிச்சை, நெல்லிக்காய், புதினா, மாங்காய் ஆகியவை சுவையைத் தூண்டும்; புண் இருந்தால் புளிப்பும் காரமும் கூடாது. மிகவும் பிடித்த உணவைக் குமட்டல் கடுமையாக உள்ள நாள்களில் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அந்த உணவின் மீது ஏற்படும் வெறுப்பு சிகிச்சை முடிந்த பிறகும் நீடிக்கக்கூடும். சாப்பிட வற்புறுத்தும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நேற்றுப் பிடித்தது இன்று பிடிக்காமல் போகும், அது நோயாளியின் குற்றமன்று. சிறு அளவாக, அடிக்கடி, அவர் கேட்பதைக் கொடுங்கள்.

பல் பிடுங்கிய பிறகு நாக்கின் ஒரு பக்கம் மரத்து, சுவையும் தெரியவில்லை. ஏன்?

கீழ்த்தாடை ஞானப்பல்லுக்கு மிக அருகில் நாக்கு நரம்பு செல்கிறது. சுவை நரம்பும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. பல் எடுக்கும்போது இது நசுங்கினால் அந்தப் பக்கம் மரத்துப்போகும். பெரும்பாலான நேர்வுகளில் சில வாரங்கள் அல்லது மாதங்களில் சரியாகும். சிறிதும் முன்னேற்றம் இல்லையெனில் வாய், தாடை அறுவை மருத்துவரிடம் தாமதிக்காமல் செல்ல வேண்டும். இதே சுவை நரம்பு நடுக்காதின் குறுக்கே செல்வதால் காது அறுவைக்குப் பிறகும் ஒருபக்கச் சுவைமாற்றம் வரலாம். திடீர் முகவாதத்திலும் அப்படியே. முகவாதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் முகநரம்பு தேறும் வாய்ப்பு கூடும்.

நாக்கு எரிகிறது, வாயில் கசப்பும் நீங்கவில்லை. ஆனால் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. இது மனப்பிரமையா?

இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மிகுதியாக வரும் வாய் எரிச்சல் நோய் இது. வாயில் புண்ணோ சிவப்போ இராது. காலையில் குறைவாகவும் மாலைக்குள் அதிகமாகவும் எரியும். சாப்பிடும்போது சிலருக்குத் தணியும். சுவை நரம்புகளிலும் வலி நரம்புகளிலும் ஏற்படும் மாற்றமே காரணம் என்று கருதப்படுகிறது. சத்துக் குறைபாடு, பூஞ்சை, நீரிழிவு, தைராய்டு ஆகியவை இல்லை என்று உறுதிசெய்த பிறகு, குளோனசிபாம் மாத்திரையை வாயில் வைத்துக் கரைத்துத் துப்பும் முறையும், நரம்பு வலிக்கான சில மருந்துகளும் மருத்துவரின் மேற்பார்வையில் பயன்படுத்தப்படுகின்றன. பல ஆண்டுகள் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்றே கேட்டுப் பழகிய பெண்களுக்கு, நோய்க்குப் பெயர் உண்டு என்று தெரிவதே பெரும் ஆறுதலாக இருக்கிறது.

அப்பாவுக்கு எழுபது வயது. எதைச் சமைத்தாலும் உப்பே இல்லை என்கிறார்.

அறுபதுக்குப் பிறகு முகர்ச்சி வேகமாகவும் சுவை மெதுவாகவும் குறைகின்றன. அதனுடன் பல மாத்திரைகளும் உலர்ந்த வாயும் பல்செட்டும் சேர்கின்றன. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல், மாத்திரைப் பட்டியலையும் பி12 அளவையும் வாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உணவில் உப்பைக் கூட்டினால் இரத்த அழுத்தம் கூடும் என்பதால், மணத்தைக் கூட்டுவதே சரியான வழி: புதிதாகத் தாளித்த கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும், எலுமிச்சைச் சாறு, பூண்டு ஆகியவை உப்பின் குறையைப் பெருமளவு மறைக்கும். ஊறுகாயும் அப்பளமும் உப்பின் மறைவான கிடங்குகள் என்பதையும் அவரிடம் அன்போடு சொல்ல வேண்டும்.

கர்ப்ப காலத்தில் வரும் உலோகச் சுவைக்கு மருந்து வேண்டுமா?

வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் வந்து பொதுவாகத் தானே குறையும். புளிப்பான பழங்கள் உதவும்.

பிறவியிலேயே சில சுவைகள் தெரியாதவர்கள் உண்டா?

உண்டு. பிடிசி என்னும் வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையாகக் கசக்கும், சிலருக்குச் சுவையே இல்லாமல் இருக்கும் என்பதை ஆர்தர் ஃபாக்ஸ் 1931-இல் தெரிவித்தார். பின்னர் அதற்கான மரபணுவும் கண்டறியப்பட்டது. இது நோயன்று, மனிதர்களிடையே உள்ள இயல்பான வேறுபாடு. குழந்தை ஒரு காயைக் கசக்கிறது என்று ஒதுக்கினால் உண்மையிலேயே அதற்கு நம்மைவிட அதிகமாகக் கசக்கக்கூடும்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்ற பிறகு சர்க்கரை மணல் போலிருந்தது. நாக்குக்குக் கேடா?

கேடில்லை. அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் ஏற்பிகளைச் சிறிது நேரம் மறைத்துவிடுகின்றன. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இனிப்பு திரும்பும். ஆனால் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் பொடியாக நாள்தோறும் உட்கொள்ள விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும், ஏனென்றால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையலாம்.

மருத்துவமனையில் என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எப்போது தொடங்கியது, அதற்கு முன் சளியோ தலைக்காயமோ அறுவையோ புது மருந்தோ உண்டா என்று கேட்பார்; வாயையும் மூக்கின் உட்புறத்தையும் பார்ப்பார். சுவையை அளக்க, நான்கு சுவைகளை நான்கு செறிவுகளில் ஏற்றிய பதினாறு காகிதப் பட்டைகளை நாக்கில் வைத்துச் சோதிக்கும் முறை உண்டு. மிகச் சிறிய மின்னோட்டத்தால் நாக்கின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே அளக்கும் கருவியும் உண்டு. இவை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் சர்க்கரை, உப்பு, சிட்ரிக் அமிலம் முதலியவற்றின் கரைசல்களைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சோதிப்பதே போதுமானது. முகர்ச்சியையும் சேர்த்துச் சோதிக்காத சுவைப் பரிசோதனை முழுமையடையாது. இரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், தைராய்டு, பி12, இரும்பு ஆகியவை பார்க்கப்படும். நரம்புக் கோளாறு என்று ஐயம் எழுந்தால் மட்டுமே எம்ஆர்ஐ தேவைப்படும்.

செல்லும்போது, ஊட்டச்சத்து மாத்திரை, நாட்டு மருந்து, வாய்க் கொப்பளிப்பு நீர் உள்பட நீங்கள் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் தொடங்கிய மாதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த ஸ்கேனைவிட இந்தப் பை பல நேரங்களில் விரைவாகக் காரணத்தைக் காட்டிவிடும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

சுவை மாற்றத்துடன் முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், திடீர்த் தலைசுற்றல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்கும்போது வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

மணமும் சுவையும் குறைந்தவர் வீட்டில் என்ன எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவு தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றமே தெரியாதவருக்கு இந்தப் பாதுகாப்பு பயன்படாது. ஆகவே எரிவாயு கசிவு உணர்கருவி ஒன்றைச் சிலிண்டருக்கு அருகில், தரைமட்டத்தை ஒட்டிப் பொருத்த வேண்டும், ஏனென்றால் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. இரவில் ரெகுலேட்டரை மூடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கசிவு என்று ஐயம் எழுந்தால் சுவிட்சுகளைத் தொடாமல் கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, இந்தியாவில் 1906 என்னும் எண்ணுக்கு அழைக்கலாம். மீந்த குழம்பு, பால், தோசைமாவு ஆகியவற்றின் பாத்திரங்களில் தேதியை ஒட்டிவைத்து, நாள் கடந்ததை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் கொட்டிவிட வேண்டும். தனியாக வாழ்பவர் என்றால் அண்டை வீட்டாரிடம் தம் குறையைச் சொல்லிவைப்பதும் நல்லது.